தராசை வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை நாங்கள் இங்கே ஒரு படம் போட்டோம். நமது ஊரில் உள்ள பழைய இரும்புக் கடை ஒன்றின் பின்வளவில், துருப்பிடித்த ஸ்டேஷன் தராசு ஒன்றும், கோச்சி ரோட்டில் தள்ளிக்கொண்டு போகும் ட்ரொலி ஒன்றும் கிடந்த படம். "இவை வெட்டுப்படுவதற்கு முன் மீட்டுத் திருத்தி வைக்க வேண்டும், முடிந்தவர்கள் உதவுங்கள்" என்று இரண்டே வரி எழுதியிருந்தோம்.

உதவி வந்ததோ இல்லையோ, கருத்துகள் வந்து குவிந்தன. "சேர்மாருக்கு வேறு வேலை இல்லையா?" என்றார் ஒருவர். "பிள்ளைகளுக்குச் சாப்பாடில்ல, இவங்க இரும்புக்கு எண்ணெய் பூசப் போறாங்க" என்றார் இன்னொருவர். "இது ரெயில்வே திணைக்களத்தின் வேலை, உங்களுக்கேன்?" என்றார்கள் சிலர். "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன குப்பை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு முப்பது பேர் லைக் வேறு.

நாங்கள் ஆசிரியர்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர்கள். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில், "நாங்கள்" என்றால் யார்? நான்கு ஆசிரியர்கள். சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பின் வந்து கூடும் பத்தாம் தர மாணவர்கள் ஒன்பது பேர். கோச்சி ரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் கட்சியும் இல்லை, என்.ஜீ.ஓ.வும் இல்லை, வரப்போகும் தேர்தலும் இல்லை.

சரி, அந்தத் தராசில் அப்படி என்னதான் இருக்கிறது?

மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது 1928ல். அதன் பிறகு இந்தக் கரையோரத்தில் இருந்து வெளியே போன அரிசி, தேங்காய், கருவாடு, ஐஸ் போட்ட மீன் பெட்டி எல்லாம் இப்படியான தராசுகளில் ஏறி இறங்கித்தான் போயின. அந்தத் தராசின் கோலில் கிலோ இல்லை. அந்தர், குவார்ட்டர், இறாத்தல்தான் வெட்டியிருக்கிறது. ஒரு அந்தர் 112 இறாத்தல், இருபது அந்தர் ஒரு தொன். இதை எங்கள் மாணவர்களிடம் கேட்டோம். "அந்தர்" என்பது அரிசி மூடையின் பெயர் என்று நினைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டுப் பார்க்க எதையும் நாம் மிச்சம் வைக்கவில்லையே!

அந்தத் தராசைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கையால் தூக்கக்கூடிய ஒரு சிறிய பித்தளைக் குண்டு, நான்கு பேர் தூக்கும் ஒரு மூடையைச் சமப்படுத்துகிறது. பலகைக்குக் கீழே ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நெம்புகோல்கள் இருக்கின்றன. அவை தங்கியிருப்பது கத்தி முனை போன்ற கூரான உருக்கு விளிம்புகளில். விளிம்பு கொஞ்சம் மழுங்கினாலோ, யாராவது துருவை எடுக்கிறேன் என்று அரத்தால் உரசினாலோ, நெம்புகோலின் நீளம் மாறிவிடும். அதன் பிறகு தராசு பொய் சொல்லும். நிறுவையில் மோசடி செய்கிறவர்களைக் கண்டித்து ஒரு சூறாவே இறங்கியிருக்கிற மார்க்கம் நம்முடையது. நேர்மையான ஒரு தராசு எப்படி நேர்மையாக இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் கழற்றிக் காட்ட இதைவிட நல்ல பொருள் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது?

"சாப்பாடில்லாத நேரத்தில் இது தேவையா?" என்ற கேள்விக்கு வருவோம். இது நியாயமான கேள்வி. அதனால் நேராகவே பதில் சொல்கிறோம். நாங்கள் ஸகாத் காசு கேட்கவில்லை. ஸகாத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரை அல்லாஹ்வே சொல்லிவிட்டான். தராசும் ட்ரொலியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஏழையின் பங்கில் ஒரு சதமும் இதற்கு வரக்கூடாது. ஆனால் இதே ஊரில், ஒரு அரசியல்வாதி வருகிறார் என்றால் சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறோம். கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு ஆள் உயரத்தில் கிண்ணம் வாங்குகிறோம். கலியாண வீட்டில் பட்டாசு சுடுகிறோம். அப்போது ஒருவரும் "பிள்ளைக்குச் சாப்பாடில்லையே" என்று எழுதியதை நாங்கள் காணவில்லை. இரண்டு பொருளுக்கும் கடைக்காரர் கேட்கும் விலை மொத்தம் 45,000 ரூபா. எங்கள் கையில் சேர்ந்திருப்பது 28,000. மீதி, ஊர் ஒரு மாதத்தில் பெனருக்குச் செலவழிப்பதை விடக் குறைவு.

அடுத்தது பழைய இரும்பு யாவாரம் செய்யும் எங்கள் சகோதரர்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு எதிரானது என்று சிலர் நினைத்துவிட்டார்கள். அல்ல. அந்தக் கடைக்காரர் ஏலத்தில் வந்த சாமானை முறைப்படி காசு கொடுத்து வாங்கியவர். நாங்கள் போய்ப் பேசியபோது அவர் சொன்னது இதுதான்: "சேர், இது எனக்கு யாவாரம். சும்மா தர ஏலாது. ஆனா ஒங்களுக்குத் தேவண்டா ஒரு மாசம் வெட்டாம வெச்சிருக்கன்." அந்த ஒரு மாதம் எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு ஒரு கதை சொல்கிறோம்.

பிரித்தானியாவில் வேல்ஸ் என்றொரு பகுதி. அதன் தெற்கே பாரி என்ற துறைமுக ஊர். அங்கே வுட்ஹாம் சகோதரர்கள் என்ற பழைய இரும்பு யாவாரிகள் இருந்தார்கள். நீராவி என்ஜின்களைக் கைவிட்டு டீசலுக்கு மாறிய பிரித்தானிய ரெயில்வே, பழைய என்ஜின்களை இரும்பு விலைக்கு விற்றுத் தள்ளியது. 1959 தொடக்கம் வுட்ஹாம் கடை வாங்கியது 297 என்ஜின்கள். வெட்டி விற்கத்தான் வாங்கினார்கள். ஆனால் அதே கடைக்கு ஆயிரக்கணக்கில் பழைய சரக்குப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. பெட்டியை வெட்டுவது லேசு, என்ஜினை வெட்டுவது கஷ்டம். அதனால் டாய் வுட்ஹாம் என்ற அந்த முதலாளி முதலில் பெட்டிகளை வெட்டினார். என்ஜின்கள் கடல் காற்றில் துருப்பிடித்தபடி வரிசையாக நின்றன.

அந்த இடைவெளியில்தான் சனங்கள் வந்தார்கள். பெரிய பணக்காரர்கள் அல்ல. ஆசிரியர்கள், கிளார்க்குமார், மெக்கானிக்குகள். "இந்த என்ஜினை வெட்டாதீர்கள், நாங்கள் காசு சேர்த்துக்கொண்டு வருகிறோம்" என்றார்கள். வுட்ஹாம் பொறுத்தார். 1968ல் முதலாவது என்ஜின் அங்கிருந்து மீட்கப்பட்டது. கடைசி என்ஜின் வெளியேறியது 1990ல். இருபது வருடத்துக்கு மேல் பொறுத்திருக்கிறார் மனிதர்! 297ல் 213 என்ஜின்கள் தப்பின. அவற்றில் பல திருத்தப்பட்டு மீண்டும் ஓடின. இன்றைக்குப் பிரித்தானியாவில் சுற்றுலாக்காரர் காசு கொடுத்து ஏறும் நீராவி ரயில்களில் பலவற்றை இழுப்பது அந்தப் பழைய இரும்புக் கடையில் கிடந்த என்ஜின்தான். வுட்ஹாம் தர்மம் செய்யவில்லை, யாவாரம்தான் செய்தார். ஆனால் கொஞ்சம் பொறுத்த யாவாரியின் பெயர் இன்றும் நன்றியோடு சொல்லப்படுகிறது. நமது யாவாரிகள் அவரை விடக் குறைந்தவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

"இது ரெயில்வே திணைக்களத்தின் வேலை" என்பவர்களுக்கு அதே வேல்ஸில் இருந்து இன்னொரு கதை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போனில் தோமஸ் கார்ட்டூன் பார்க்கிறார்கள் இல்லையா? நீல நிற என்ஜின், முகத்தோடு பேசும். அந்தக் கதைகளை எழுதியவர் ஓட்ரி என்ற பாதிரியார். சுகமில்லாமல் கிடந்த தன் மகனுக்குச் சொன்ன கதைகளில் இருந்துதான் அவை தொடங்கின. தோமஸ் முதலில் புத்தகத்தில் வந்தது 1946ல். அந்தப் பாதிரியார் 1952ல் தன் விடுமுறையில் போய்ச் சம்பளமில்லாமல் கார்ட் வேலை பார்த்த ஒரு ரயில் பாதை இருக்கிறது. அதன் பெயர் டாலிலின்.

டாலிலின், மலையில் இருந்து கற்பலகை இறக்குவதற்காக 1860களில் போட்ட ஒடுக்கமான பாதை. நீளம் வெறும் 11 கிலோமீற்றர் அளவு. 1946ல் கல்லுடைக்கும் இடம் மூடப்பட்டது. பாதையைத் தன் சொந்தக் காசில் ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி 1950ல் இறந்து போனார். அரசாங்கம் மற்ற ரயில் பாதைகளையெல்லாம் பொறுப்பெடுத்தபோதும் இதை எடுக்கவில்லை. சிலிப்பர் கட்டைகள் உக்கிப் போயிருந்தன. தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருந்தது அதைச் சுற்றி வளர்ந்த புல்தான் என்று சொல்வார்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஒரு என்ஜின். அதுவும் 1866ல் செய்தது.

டொம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் சிலரும் 1950 ஒக்டோபரில் பேர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்புவதோடு நிற்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், சந்தா சேர்த்தார்கள், லீவு போட்டுவிட்டு வந்து புல் வெட்டினார்கள், சிலிப்பர் மாற்றினார்கள். பக்கத்தில் மூடப்பட்டிருந்த வேறொரு பாதையின் இரண்டு என்ஜின்களை மலிவு விலைக்கு வாங்கினார்கள். 1951 மே 14ல் முதலாவது ரயிலை ஓட்டினார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் பொறுப்பெடுத்து ஓட்டிய முதல் ரயில் பாதை அதுதான். இன்றும் ஓடுகிறது. ஓட்டுபவர்களில் பெரும்பான்மை இன்றும் தொண்டர்கள்.

அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்ததால் சாதித்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஓட்ரி பாதிரியார் கார்ட்டாக இருந்த ஒரு நாள், தேநீர் விற்கும் அம்மாவை ஏற்ற மறந்து விசில் ஊதிவிட்டார். அந்த அம்மா ஸ்டேஷனில் நிற்க, ரயில் போய்விட்டது! பிறகு அதையும் ஒரு கதையாக எழுதினார். பிழை விட்டார்கள், சிரித்தார்கள், அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதுதான் ரகசியம்.

திணைக்களம் ஒன்றும் செய்யவில்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. இந்த நாட்டில் முதலாவது கோச்சி ஓடியது 1864 டிசம்பர் 27ல், கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு. சரியாக 150 வருடம் கழித்து, 2014ல் அதே நாளில், கடுகண்ணாவையில் தேசிய ரெயில்வே அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்டிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனின் தராசையும், ஒவ்வொரு ஊரின் ட்ரொலியையும் கடுகண்ணாவை தூக்கிக்கொண்டு போக முடியாது. நமது உம்மாவின் உரலை நூதனசாலையா வந்து கேட்கிறது? நாம்தான் வைத்துக்கொள்கிறோம்.

"வெள்ளைக்காரனின் குப்பை" என்று எழுதிய தம்பிக்கும் ஒரு வார்த்தை. கோப்பியை மலையில் இருந்து இறக்கத்தான் வெள்ளைக்காரன் பாதை போட்டான். அவன் நமக்காகப் போடவில்லை, உண்மை. ஆனால் அதில் கல் சுமந்தது யார்? சிலிப்பர் தூக்கியது யார்? வெயிலில் தண்டவாளத்தின் மேல் ட்ரொலி தள்ளியது யார்? அந்தத் தராசின் கைப்பிடி தேய்ந்திருப்பது வெள்ளைக்காரனின் கையால் அல்ல. நமது மூத்தப்பாமார் கையால். அதைக் குப்பை என்றால் அவர்களின் உழைப்பையும் சேர்த்துத்தான் குப்பை என்கிறோம்.

முஸ்லிம்களுக்கு ரயில் அந்நியமும் அல்ல. டமஸ்கஸில் இருந்து மதீனாவுக்கு ஹிஜாஸ் ரயில் பாதை போட 1900ல் சுல்தான் அப்துல் ஹமீத் அழைத்தபோது, இந்தியா உட்படப் பல நாட்டு முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினார்கள். 1908ல் ரயில் மதீனா போய்ச் சேர்ந்தது. சுமார் 1,300 கிலோமீற்றர். முதலாம் உலக யுத்தத்தில் அது சிதைந்தது. ஆனால் மதீனாவின் அந்த ஸ்டேஷன் இன்று நூதனசாலையாக நிற்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் பார்க்கலாம். அங்கே நின்று போட்டோ எடுத்து முகநூலில் போடுகிற நாம், ஊருக்கு வந்து நமது ஸ்டேஷனின் தராசைக் குப்பை என்கிறோம்.

இனி, எங்களுக்கு உறுத்தும் விடயத்துக்கு வருகிறோம்.

இரும்பு துருப்பிடித்தாலும் கொஞ்ச காலம் கிடக்கும். அதை இயக்கத் தெரிந்த மனிதன் கிடக்கமாட்டான். பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். டொர்னேடோ என்ற பெரிய நீராவி என்ஜினை 1990ல் தொடங்கிப் புதிதாகவே கட்டினார்கள். ஏனென்றால் அந்த வகையில் இருந்த 49 என்ஜின்களில் ஒன்றைக்கூட வெட்டாமல் விடவில்லை. வாரம் ஒரு சிறு தொகை என்று சாதாரண மக்களிடம் சேர்த்த காசுதான் அடித்தளம். முடிய 18 வருடமும் சுமார் 30 இலட்சம் பவுணும் போயின. அதைவிட வெட்கம் என்ன தெரியுமா? அந்த என்ஜினின் கொதிகலனை ஜேர்மனியில் மைனிங்கன் என்ற ஊரில்தான் செய்விக்க வேண்டியிருந்தது. நீராவி என்ஜினை உலகத்துக்குக் கொடுத்த நாட்டில், அவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்து கொடுக்க ஒரு பட்டறை மிஞ்சவில்லை. ஒன்றையாவது வைத்திருந்தால் எண்ணெய் பூசும் செலவோடு முடிந்திருக்கும்.

இது தூரத்துக் கதை. இனி எங்கள் கதை.

நமது ஊரில் ஸ்டேஷனில் வேலை செய்து ஓய்வுபெற்ற இன்னொரு பெரியவர் இருந்தார். டெப்லட் மாற்றும் வேலை தெரிந்தவர். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க ஒரு முறை உண்டு. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்தப் பக்கத்து ஸ்டேஷன் சம்மதித்தால்தான் இந்தப் பக்கத்துப் பெட்டியில் இருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுபடி பெட்டிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்றை எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் ட்ரைவர் அந்தப் பாதைக்குள் நுழையக்கூடாது. 1874ல் இங்கிலாந்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பலர் இறந்த பிறகு எட்வேர்ட் டையர் என்பவர் யோசித்துச் செய்த முறை இது. நமது நாட்டில் பல ஒற்றைப் பாதைகளில் இதை வைத்துத்தான் கோச்சி ஓடியது. கணினி இல்லை, செட்டலைட் இல்லை. ஒரு வட்டத் தகடு ஒரு கோச்சி நிறைந்த உயிர்களைக் காத்தது.

அந்தப் பெரியவர் இரவில், நிற்காமல் போகும் கோச்சிக்கு, வளையத்தில் மாட்டிய டெப்லட்டை எப்படி நீட்டுவது, வருகிற வளையத்தை எப்படிக் கையில் அடிபடாமல் பிடிப்பது என்று எங்கள் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதாகச் சொன்னார். "வாங்க சேர், ரெக்கோட் பண்ணுங்க, எனக்கு வயசு போகுது" என்று அவரே இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எங்களுக்குத் தவணைப் பரீட்சை. பிறகு விடைத்தாள் திருத்தம். பிறகு விளையாட்டுப் போட்டி. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று நான்கு மாதம் தள்ளிப் போட்டோம். சென்ற வருடம் டிசம்பரில் அவர் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. ஜனாஸாவுக்குப் போனோம். அவருடைய மகன் எங்கள் கையைப் பிடித்து, "வாப்பா ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தார்" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. நாங்கள் இன்றைக்கு அவசரப்படுவதற்கு அதுதான் காரணம்.

இப்போது எங்களோடு வரும் பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கடையில் கிடந்த ட்ரொலியைக் கண்டவுடன் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அஞ்சடி ஆறங்குலம்" என்றார். நமது நாட்டு அகலப் பாதையின் இடைவெளி அதுதான். அளந்து பார்த்தோம், சரி. தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்து வெடிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி, வெயிலில் இரும்பு நீளும் என்பதால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், தண்டவாளத்தின் மேலே வெறுங்காலோடு ஓடி ட்ரொலியைத் தள்ளிவிட்டு எந்த நேரத்தில் தாவி ஏற வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். நாங்கள் பௌதிகவியல் என்று கரும்பலகையில் எழுதுவதை அவர் காலால் படித்திருக்கிறார். ஆனால் பொருள் கண் முன்னால் இருந்தால்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது. வெறுமனே உட்கார வைத்துக் கேட்டால் "என்ன சேர் பெரிய வேல, கூலி வேலதானே" என்று முடித்துவிடுகிறார். ட்ரொலியை வெட்டினால் அவருடைய வாயையும் சேர்த்து மூடுகிறோம்.

எங்கள் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் தன் வீட்டில் இருந்த பழைய கோச்சிக் கைவிளக்கு ஒன்றைத் தந்தார். பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையில் எங்களில் ஒருவர் கம்பி பிரஷ்ஷும் சாண்ட்பேப்பரும் கொடுத்து மாணவரை உரசச் சொன்னார். சி.ஜி.ஆர். என்ற மூன்று எழுத்து, சிலோன் கவர்ன்மென்ட் ரெயில்வே என்பதன் அடையாளம், அந்தப் பித்தளைத் தகட்டில் இருந்தது. இன்று அரைவாசி அழிந்துவிட்டது. விளக்கு மின்னுகிறது. ஆனால் அது எங்கே இருந்து வந்தது என்று சொல்லும் வாயை நாங்களே உரசிவிட்டோம். பழையதைப் பேணுவது வேறு, புதிதாக்குவது வேறு என்பதை அன்றுதான் படித்தோம்.

அதன் பிறகு ஒழுங்கு வைத்திருக்கிறோம். எதையும் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுப்போம். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் கட்டுவோம். இறுகிய ஆணியை அடித்து உடைக்காமல் மண்ணெண்ணெயில் ஊற விடுவோம். பித்தளைக்குத் துணி மட்டும்தான். அசிட் கிட்டேயும் வரக்கூடாது. பழைய பெயின்ரில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் சுரண்டுவதில்லை, அந்த வேலைக்கு மாணவர்களை விடுவதும் இல்லை. எழுத்துள்ள இடத்தில் கை வைப்பதில்லை. இனாமல் பெயின்ரைக் கொண்டுவந்து பச்சையும் மஞ்சளும் அடிப்பதில்லை.

கடைசியாகச் சொன்னது நம் எல்லோருக்கும் பொருந்தும். நமது சமூகத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பழையதைக் கண்டால் ஒன்றில் இடிப்போம், இல்லாவிட்டால் டைல்ஸ் பதிப்போம். பிறகு திறந்து வைத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிப்போம். நூறு வருடத்துக் கட்டடம் போய்விடும், நேற்று வந்தவரின் பெயர்க்கல் நிற்கும். பிறகு யாராவது "இந்த ஊரில் நீங்கள் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஆதாரம் தேடி ஓடுவோம். ஆதாரத்தைக் கிலோ கணக்கில் விற்றது நாம்தான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, பழைய இரும்பு யாவாரச் சகோதரர்களுக்கு. கோச்சிச் சாமான் என்று தெரிந்தால் வெட்டுவதற்கு முன் எங்களில் ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள். இரும்பு விலையைத் தருவோம், அவகாசம் மட்டும் தாருங்கள். ஒன்றையும் தெளிவாகச் சொல்கிறோம்: ரெயில்வே காணியில் கிடக்கும் ஒரு ஆணியைக்கூட யாரும் எங்களுக்கென்று தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அது களவு. பற்றுச்சீட்டு இல்லாத பொருளை நாங்கள் வாங்கமாட்டோம்.

இரண்டு, வீட்டில் கோச்சி வேலை பார்த்த வாப்பாவோ, மூத்தப்பாவோ, மாமாவோ ஹயாத்தோடு இருப்பவர்களுக்கு. சனிக்கிழமை அசருக்குப் பின் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாவிட்டால் நாங்கள் ஓட்டோவில் வருகிறோம். இந்தத் தடவை பரீட்சையும் இல்லை, விளையாட்டுப் போட்டியும் இல்லை. வருகிறோம் என்றால் வருவோம்.

மூன்று, மற்ற எல்லோருக்கும். மீதி 17,000 ரூபா. கிழமைக்கு ஒரு பிளேன்டீயின் காசு போதும். கணக்கை மாத முடிவில் இதே பக்கத்தில் சதம் பிசகாமல் போடுவோம். தராசுக்குக் காசு சேர்ப்பவர்கள் கணக்கில் பிழை விடலாமா!

திருத்தி முடித்த பிறகு அவை எங்கள் வீட்டு விறாந்தைக்குப் போகாது. பாடசாலைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கப்படும். பெயர்க்கல் இருக்காது. யாரையும் அழைத்து ரிபன் வெட்டவும் மாட்டோம். முதலாவது மூடையை அந்தப் பெரியவர் ஏற்றுவார், எங்கள் மாணவர்கள் நிறுப்பார்கள், அந்தரில்.

கடைக்காரர் தந்த தவணை இந்த மாதம் முப்பதாம் திகதியோடு முடிகிறது. அவர் வாக்குத் தவறமாட்டார். நாமும் தவறாமல் இருப்போம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பண்போடு. முடிந்தால் சனிக்கிழமை வந்து எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிளேன்டீ எங்கள் செலவு. ஆனால் கையில் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் தருவோம், பேசிக்கொண்டே துடைக்கலாம்.

அல்லாஹ் நம் எல்லோரது நல்ல முயற்சிகளையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.